ஸ்ட்ராங் ரூமும் கவுண்ட்டரும்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களின் ஊர்ப் பத்திரம், கல்யாண போட்டோ எல்லாம் இப்போது கிளவுடில்தான். அதை மேக்கில் ஒரு டிரைவ் மாதிரித் திறப்பதற்கு ஒரு சரித்திரமே உண்டு.

2007-ல் கூகுளில் இருந்த அமித் சிங் மேக்ஃபியூஸை வெளியிட்டார். அது கெர்னலுக்குள் நுழைந்து வேலை செய்யும். பேங்க் பாஷையில், வெளியாளை ஸ்ட்ராங் ரூமுக்குள் விடுவது! அங்கே தப்பு நடந்தால் மொத்த கம்ப்யூட்டரும் படுத்துவிடும். 2020-ல் எம்1 மேக் வந்ததும், இப்படி உள்ளே விடப் பாதுகாப்பு அளவையே குறைக்க வேண்டியதாயிற்று.

வழி பழைய சரக்கிலேயே இருந்தது. வேறு கணினியின் ஃபைலை நம்முடையது போலக் காட்டும் என்எஃப்எஸ், 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. மேக்கில் அது கூடவே வருகிறது. ஃபியூஸ்-டி நம் கணினியிலேயே சின்ன என்எஃப்எஸ் சர்வர் ஒன்றை நடத்துகிறது. வெளியாள் கவுண்ட்டரோடு சரி.

ஆகவே நண்பர்களே, ஸ்ட்ராங் ரூம் சாவி கேட்காதவர்களோடு வரவுசெலவு வைத்துக்கொள்ளுங்கள்.