மரத்து மேல செடி வளர்ந்தா மரம் செத்துடுமா? திருவண்ணாமலை இலுப்பை மரத்தடியில் இருந்து ஒரு விளக்கம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனதும், ஒரு பெரிய இலுப்பை மரம் முற்றத்தில் நிழல் பரப்பி நிற்கும். அதன் வயது 400-க்கும் மேல் என்று சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, 1896-ல் 16 வயது வெங்கடராமனாக ரமணர் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோதே அது முதிர்ந்த மரம்தான்.

இப்படிப்பட்ட பழைய மரங்களை அண்ணாந்து பார்த்தால் மரம் மட்டும் தெரியாது. கிளைக் கவட்டில் ஒரு செடி, பட்டையில் சாம்பல் நிறப் படலம், இலைகளுக்கு நடுவே வேறு மாதிரி இலையோடு ஒரு கொத்து என்று என்னென்னமோ தெரியும். "ஐயோ, மரத்தை உறிஞ்சுதே, பிய்ச்சுப் போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அது சரியா? எதை நீக்கணும், எதை விட்டுடணும்? பார்க்கலாம்.

முதலில், இலுப்பை ஏன் முக்கியம்?

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பதைக் கிண்டலாகத்தான் சொல்கிறோம். ஆனால் இலுப்பைப் பூ நிஜமாகவே இனிக்கும். கோயில் விளக்குகளுக்குப் பல காலமாக எரிந்தது இலுப்பை விதையில் ஆட்டிய எண்ணெய்தான். பூவையும் பழத்தையும் தேடி இரவில் பழந்தின்னி வௌவால்கள் வரும். அவை விதையைத் தூக்கிப் போய்ப் போடும் இடத்தில் புது மரம் முளைக்கும்.

இன்னொரு சுவாரஸ்யம். அருணாசலேஸ்வரர் கோயிலின் தல விருட்சம் மகிழ மரம். மகிழமும் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம். நாம் சாப்பிடும் சப்போட்டாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மரத்து மேல வளர்றது எல்லாம் ஒட்டுண்ணியா?

இல்லை. தங்கி இருப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. பொதுவாக நாலு வகையாகப் பிரிக்கலாம்.

1. லைக்கன்: பட்டையில் வெளிர்பச்சை, சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் இது. பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். மரத்தில் இருந்து சாறு எடுக்காது. காற்று மாசு அதிகமானால் பல லைக்கன் வகைகள் காணாமல் போகும். அதனால் பட்டையில் லைக்கன் இருந்தால் சுரண்ட வேண்டியதில்லை.

2. தொற்றுத் தாவரம்: பிளஸ் ஒன் பாடத்தில் படித்த வாண்டா ஞாபகம் இருக்கா? அதே ஆர்க்கிட் தமிழகச் சமவெளியில் மா, இலுப்பை போன்ற மரங்களில் வளரும். அதன் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தொங்கும் வேர்களில் இருக்கும் வெலமன் என்ற பஞ்சு போன்ற திசு, காற்றின் ஈரத்தையும் மழைநீரையும் இழுத்துக்கொள்ளும். மரத்துக்கு இது வாடகை கொடுக்காத குடித்தனக்காரர், அவ்வளவுதான். திருடர் இல்லை.

3. புல்லுருவி: இதுதான் அசல் ஒட்டுண்ணி. முழு ஒட்டுண்ணி கூட இல்லை, பகுதி ஒட்டுண்ணி. பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரையும் உப்புகளையும் மட்டும் மரத்துக்குள் உறிஞ்சு வேர்களை இறக்கி எடுத்துக்கொள்ளும். பூக்கொத்தி என்ற மிகச் சிறிய பறவை இதன் பழத்தை விழுங்கும். வெளியே வரும் விதை பசை மாதிரி ஒட்டுவதால், பறவை அதைக் கிளையிலேயே தேய்த்து விட்டுப் போகும். அங்கேயே அடுத்த செடி முளைக்கும்.

4. ஆல், அரசு, இச்சி: பறவை எச்சத்தில் வந்து, மட்டை இடுக்கிலோ கிளைக் கவட்டிலோ முளைக்கும். பிறகு வேரைத் தரை வரை இறக்கும். பனையை ஆல் கட்டிப்பிடித்து நிற்பதைச் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். நாளாக ஆக, உள்ளே இருக்கும் மரத்துக்கு வெளிச்சமும் இடமும் இல்லாமல் போய்விடும்.

சீந்தில், கோவை போன்ற கொடிகள் இந்தக் கணக்கில் வராது. அவற்றின் வேர் மண்ணில்தான் இருக்கிறது.

புல்லுருவியை எப்படிக் கண்டுபிடிக்கறது?

மரத்தின் இலைக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த இலைகள், குழல் போன்ற பூக்கள், ஒட்டிய இடத்தில் கிளையில் ஒரு வீக்கம். இந்த மூன்றும் இருந்தால் அது பெரும்பாலும் புல்லுருவிதான். மரம் இலை உதிர்க்கும் காலத்தில் பார்த்தால் இன்னும் சுலபம்: மரம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சையாக இருக்கும்.

கையால் பிய்த்தால் பயனில்லை. கிளைக்குள் இருக்கும் பகுதியில் இருந்து மறுபடி துளிர்க்கும். வீக்கத்துக்குக் கீழே கிளையோடு வெட்டினால்தான் போகும். ஒன்றிரண்டு கொத்து இருந்தால் பெரிய மரம் தாங்கும். கிளைக்குக் கிளை பரவி நுனிகள் காய ஆரம்பித்தால்தான் கவலைப்படணும். காமன் ஜெசபெல் என்ற அழகான வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்குப் புல்லுருவி இலைதான் சாப்பாடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அப்போ பழைய மரத்தை உண்மையில் கொல்றது எது?

பெரும்பாலும் மனிதர்கள் செய்வதுதான். அடிமரத்தை ஒட்டிப் போடும் சிமென்ட் வேருக்குப் போகும் நீரையும் காற்றையும் அடைத்துவிடும். ஆணி அடித்த காயம் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழையும். மரத்தடியில் குப்பை எரிப்பது பட்டைக்குக் கீழே இருக்கும் உயிருள்ள அடுக்கைப் பொசுக்கும். பள்ளம் தோண்டும்போது வேரை அறுப்பது மரத்தைச் சாய்க்கும். டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

திருவண்ணாமலைக்கும் இந்தக் கதை தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்த 2015-ல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்து இடைக்காலத் தடை விதித்தது. புல்லுருவி ஒரு கிளையைக் காய வைக்கப் பல வருஷம் ஆகும். இயந்திர ரம்பத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

ரமணர் தேடிப் போன ஆலமரம்

ரமணர் மலையில் இருந்த காலத்தில், ஓடை நீரில் சாப்பாட்டு இலை அளவுக்குப் பெரிய ஆலிலை ஒன்று மிதந்து வந்ததைப் பார்த்தாராம். அந்த மரத்தைத் தேடி ஏறும்போது, அவர் தொடை ஒரு புதரில் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் கொட்டின. கூட்டைக் கலைத்த கால் தண்டனையை அனுபவிக்கட்டும் என்று அசையாமல் நின்றார் என்பது ஆசிரம வரலாறு. பிறகு அந்த மரத்தைத் தேடிப் போக வேண்டாம் என்று அன்பர்களிடமும் சொன்னார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால், வழியில் ஒரு பழைய மரத்தடியில் நின்று மேலே பாருங்கள். கவட்டில் செடி இருந்தால் உடனே கை நீட்ட வேண்டாம், முதலில் நாலில் எது என்று பாருங்கள். அப்புறம் கீழேயும் பாருங்கள். அடிமரத்தில் ஆணியோ சிமென்ட்டோ இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்திடம் சொல்ல வேண்டிய புகார் அதுதான்.