கிழிக்கப்படாத சாசனம்

பெர்லினில் கலவரம் ஓயாததால், ஜெர்மனியின் தேசிய சபை வைமார் நகர நாடக அரங்கில் கூடியது. குடியரசின் முதல் அரசியல் சாசனம் 1919 ஜூலை 31 அன்று அங்கே நிறைவேறியது. அதில் 181 பிரிவுகள். பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாசனத்தின் பிரதி ஒன்றைத் தர வேண்டும் என்றது 148-வது பிரிவு.

48-வது பிரிவு வேறு ரகம். பொது அமைதி கெட்டால் குடியரசுத் தலைவர் ராணுவத்தை இறக்கலாம். ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். நாடாளுமன்றம் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். இந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டத் தனிச்சட்டம் வரும் என்றார்கள், கடைசிவரை வரவில்லை.

முதல் குடியரசுத் தலைவர் ஏபெர்ட்டே அதை நூறு தடவைக்கு மேல் எடுத்தாண்டார். 1930-ல் பிரதமர் ப்ரூனிங்கின் நிதி அவசரச் சட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டு, மறுபடி அவசரச் சட்டம் போட்டார். 1932-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்துதான். நாட்டை ஆண்டது அவசரச் சட்டங்களே. அதாவது, ஹிட்லர் வருமுன்பே நாடாளுமன்றம் இல்லாமல் ஆளும் பழக்கம் ஊறிவிட்டது.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் இதே சாசனத்தின் மீது உறுதிமொழி எடுத்துப் பிரதமரானார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே 48-வது பிரிவின்கீழ் பேச்சுரிமை, கூடும் உரிமை, கடித ரகசியம் எல்லாம் நிறுத்தப்பட்டன. மார்ச் 23: க்ரோல் ஓபரா அரங்கில் நாடாளுமன்றம். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். சாசனத்தை மீறியும் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே.

நான்காண்டுக்கென வந்த அச்சட்டம் 1937, 1939, 1943 என நீட்டிக்கப்பட்டது. வைமார் சாசனத்தை யாரும் முறைப்படி ரத்து செய்யவேயில்லை. ரத்து செய்யத் தேவையும் எழவில்லை.

1949-ல் பிறந்த மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், குடியரசுத் தலைவருக்கு 48-வது பிரிவு போன்ற அதிகாரத்தைத் தரவில்லை. மனித மாண்பு போன்ற அடித்தளங்களை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாது என்றது. ஆனால் மதத்துக்கும் அரசுக்குமான உறவைப் பேசும் ஐந்து வைமார் பிரிவுகளை மட்டும் அப்படியே சேர்த்துக்கொண்டது. அவற்றுள் ஒன்றான 139 ஞாயிறு ஓய்வைக் காப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க அனுமதித்த பெர்லின் சட்டம் செல்லாது என்று 2009-ல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது, அந்த 1919-ஆம் ஆண்டு வரியைத் துணைக்கழைத்துத்தான்.