ஊட்டங்கள் இரண்டு குறைந்தால் பக்டீரியா எவ்வளவு வளரும்?

பக்டீரியாவின் வளர்ச்சிக்குப் பல ஊட்டங்கள் தேவை. அவற்றுள் ஒன்று மட்டும் பற்றாக்குறையாக இருந்தால் கணக்கு எளிது. பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மொனோ 1940களில் தந்த சமன்பாடு போதும். ஊட்டத்தின் செறிவையும் ஒரு மாறிலியையும் கூட்டி, அந்தத் தொகையால் செறிவை வகுக்க வேண்டும். உச்ச வேகத்தில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதே விடை. செறிவும் மாறிலியும் சமனானால் 0.5, அதாவது பாதி வேகம்.

இரண்டு ஊட்டங்கள் சேர்ந்து குறைந்தால் இரு வழிகள் உண்டு.

முதலாவது, குறைந்த பங்கை மட்டும் எடுப்பது. பயிர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் லீபிக் பரப்பிய விதி இது. வணிகம் படித்த நாம் இதையே செலவுக் கணக்கியலில் 'கட்டுப்படுத்தும் காரணி' என்று படித்தோம். துணி 100 சட்டைக்கு இருந்தாலும் பொத்தான் 60 சட்டைக்குத்தான் இருந்தால், உற்பத்தி 60தான்.

இரண்டாவது, இரு பங்குகளையும் பெருக்குவது. எல்லாப் பற்றாக்குறையும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும் என்பது இதன் கருத்து.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்ப்போம். அமோனியாவை மாற்றும் பக்டீரியாக்களுக்கு அமோனியாவுடன் ஒட்சிசனும் வேண்டும். அமோனியாவின் பங்கு 0.5, ஒட்சிசனின் பங்கு 0.8, உச்ச வேகம் நாளொன்றுக்கு 1 என வைப்போம். முதல் வழியில் வேகம் 0.5. இரண்டாவதில் 0.4. இறப்பைச் சேர்க்காவிட்டால், பக்டீரியாக்களைத் தொட்டியில் வைத்திருக்க வேண்டிய மிகக் குறைந்த காலம் முறையே 2 நாட்கள், 2.5 நாட்கள். காலத்தைக் குறைத்து மதிப்பிட்டால் அவை நீரோடு போய்விடும். அமோனியா ஆற்றில் கலந்து மீன்களைக் கொல்லும். கூட்டி மதிப்பிட்டால் தேவையற்ற பெரிய தொட்டிக்கு எமது வரிப்பணம் போகும். 1987இல் வெளியாகி, பொறியியலாளர்கள் இன்றும் அடிப்படையாகக் கொள்ளும் கழிவுநீர் மாதிரி பெருக்கலையே பயன்படுத்துகிறது.

ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும் ஊட்டங்களுக்கு இந்த இரு வழிகளும் பொருந்தா. குளுக்கோசும் இலற்றோசும் சேர்ந்திருந்தால் ஈ.கோலி குளுக்கோசை முதலில் முடிக்கும். சற்றுத் தேங்கி, பிறகே இலற்றோசுக்குப் போகும்.

எதைத் தெரிவது? முதலில் ஒவ்வொரு பங்கையும் தனியே கணிக்க வேண்டும். 0.2, 0.95 என்றால் விடைகள் 0.2, 0.19; வேறுபாடு சிறிது. இரண்டும் 0.5 என்றால் 0.5, 0.25, ஒன்று மற்றதில் பாதி. அப்போது இரு விடைகளையும் அளந்த தரவுடன் ஒப்பிட்ட பிறகே தொட்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.