பழைய ஆர்எக்ஸ் 100-க்கு வேற சைலன்சர் மாட்டப் போறீங்களா?
தாமல் பக்கம் அப்பாவோட ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டிட்டு இருக்கீங்களா? சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துடுச்சா? யமஹா இந்த வண்டியை 1996-லேயே நிறுத்திவிட்டது. கம்பெனி சைலன்சர் கிடைப்பது கஷ்டம்தான். அதுக்காக, சத்தத்தை மட்டும் கேட்டு வேற ஒன்றை வாங்கிடாதீங்க.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். வெளியேறும் புகையின் அழுத்த அலை சைலன்சருக்குள் மோதித் திரும்பி, எரியாத பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். உள்வடிவம் மாறினால் பிக்கப், மைலேஜ் இரண்டும் அடிவாங்கும். ஆர்எக்ஸ் 135 சைலன்சர் பார்க்க இதே மாதிரி இருக்கலாம். ஆனால், அது 132 சிசி இன்ஜினுக்கானது.

காஞ்சிபுரம் கடையோ, சென்னை புதுப்பேட்டையோ, பழைய சைலன்சரைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. இன்ஜினில் சேரும் வாய், போல்ட் ஓட்டை, நீளம் மூன்றும் பொருந்தணும். உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பேஃபிள் குழாய் இருக்கணும். மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்க.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. வெளிர் பழுப்பு நிறம் என்றால் ஓகே. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்ஜின் சூடேறி பிஸ்டனே ஜாம் ஆகலாம். கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் ஓட்டாதீங்க.

பேஃபிளைக் கழற்றி ஊரை அலறவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போயிடும்.