மலையேறிய துவிச்சக்கர வண்டி

மனிதன் தன் உடல்வலுவை மட்டுமே கொண்டு இயக்கும் பொறிகளுள் துவிச்சக்கர வண்டிக்கு ஈடானவை மிகச் சில. ஆயினும் அது தோன்றி நெடுங்காலம் வரை சமதரைக்கே உரியதாயிருந்தது. மேடு குறுக்கிட்டவிடத்து ஏறிச் சென்றவன் இறங்கி நடந்தான். தன்னைச் சுமந்த வண்டியைத் தானே தள்ளினான். அத்தகைய வண்டி இன்று கல்லும் மரவேரும் செறிந்த மலைத்தடங்களில் ஏறி இறங்குகின்றது. இம்மாற்றம் நிகழ்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, பந்தயம் நடத்தியோரும் பெருந்தொழிற்சாலையினரும் இவ்வழியைத் திறந்தாரல்லர் என்பது புலனாகும். தம் விருப்பத்தின் பொருட்டு மலையேறித் தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டிய சிலரே அதனைத் திறந்தனர்.

முதற்கண் இடர்ப்பாடு இன்னதென அறிதல் வேண்டும். முன்சில்லு பெரிதாயமைந்த பழைய வண்டியில் மிதிகட்டை அச்சில்லின் அச்சோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆதலின், கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லும் ஒரு சுற்றே சுற்றும். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கொவென்றி நகரில் யோன் கெம்ப் ஸ்ராளி என்பார் வெளியிட்ட றோவர் வண்டி, சங்கிலியின் துணையால் பின்சில்லை இயக்கி இப்பிணைப்பை அறுத்தது. அதன்பின் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி செல்லும் தூரம், முன்னும் பின்னுமுள்ள பற்சில்லுகளின் பற்றொகை விகிதத்தைப் பொறுத்ததாயிற்று. முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் உள்ள வண்டியில், சில்லின் சுற்றளவு 2.1 மீற்றர் எனக் கொண்டால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 6.3 மீற்றர் செல்லும். சமதரையில் இது நன்று. நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் சரிவிலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏறத்தாழ 80 கிலோகிராம் பாரத்தை 63 சதமமீற்றர் உயர்த்துதல் வேண்டும். முன்னும் பின்னும் 24 பற்களாயின் உயர்த்தவேண்டிய அளவு 21 சதமமீற்றராகக் குறையும். செய்யும் வேலை மொத்தத்தில் ஒன்றே. ஒரு மிதிப்பில் வேண்டப்படும் விசை மூன்றிலொன்றாகின்றது. ஆகவே சரிவுக்கேற்ப விகிதத்தை மாற்ற வல்ல ஓர் அமைப்பு இருப்பின் மலையும் மிதித்தேறத்தக்கதாகும்.

இவ்வுண்மையை வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தவர் போல் த விவி என்னும் பிரெஞ்சுக்காரர். 1853இற் பிறந்த இவர், பட்டு வணிகத்தை விட்டு, நிலக்கரிக்கும் படைக்கலத் தொழிலுக்கும் நாடா நெசவுக்கும் பெயர்பெற்ற சென்-எத்தியென் நகரில் துவிச்சக்கர வண்டித் தொழிலில் ஈடுபட்டார். 1887இல் தொடங்கிய தமது சஞ்சிகையில் 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிவந்தார். அந்நகரையடுத்து 1,161 மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. அதிலே அவர் வருந்தி ஏறிக்கொண்டிருக்கையில், அவருடைய வாசகருள் ஒருவரான இளைஞர் சுங்கான் புகைத்தவாறே அவரை முந்திச் சென்றதாகவும், அதன் பின்னரே விகித மாற்றம் பற்றி அவர் தீவிரமாகச் சிந்திக்கலானார் எனவும் கூறுவர். சுங்கான் கதை எவ்வாறாயினும், அக்கணவாய் அவருடைய ஆய்வுகூடமாயிற்று என்பதில் ஐயமில்லை. இரண்டு முன்பற்சில்லுகளை அமைத்துச் சங்கிலியைக் கையால் எடுத்து மாட்டினார். வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரு சங்கிலிகளைப் பூட்டிப் பார்த்தார். ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் மாற்றியமைப்பை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பயன்படுத்தினார். கால்கள் எப்பொழுதும் ஒரே சீராகச் சுற்றவேண்டும். மாறவேண்டியது வண்டியின் விகிதமே என்பது அவர் கொள்கை.

வெலோசியோ புலாலுண்ணாதவர். பசிக்குமுன் உண்ணவும், தாகத்துக்குமுன் பருகவும், களைத்து வீழுமளவுக்கு மிதியாதிருக்கவும், பிறர் மெச்சவேண்டுமென்று ஒருபோதும் விரைந்து செல்லாதிருக்கவும் அவர் தம் அன்பர்க்கு அறிவுறுத்தினார். இறுதியிற் கூறியது பந்தய உலகுக்கு ஏற்புடைத்தன்று என்பது வெளிப்படை.

அப்பந்தய உலகின் தலைவராக விளங்கியவர் ஆன்றி தெகிரான்ஸ். 1903இல் 'தூர் த பிரான்சு' என்னும் பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தைத் தொடங்கியவர் அவரே. அதற்கு முந்திய ஆண்டில், பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் பிறேனே மலைகளில் ஒரு சோதனை ஓட்டத்தை நடாத்தியது. அதில் மார்த்தே எசு என்னும் பெண்மணி மூவிகித வண்டியொன்றிற் சென்று தூர்மாலே மலையை வென்றார். தெகிரான்ஸ் அதனைக் கண்டும் மனம் மாறினாரல்லர். விகித மாற்றி நாற்பத்தைந்து வயது கடந்தோர்க்கே உரியது, பொறியின் சூழ்ச்சியால் வெல்வதினும் தசையின் வலியால் வெல்வதே மேன்மை என்பது அவர் வாதம்.

தெகிரான்ஸின் வாதத்தை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. பந்தயம் என்பது மனிதருள் வலியாரைக் காண்பதற்காயின், எல்லார்க்கும் கருவி ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ. அன்றியும், அக்காலத்து மாற்றிகள் மண்ணும் சேறும் புகுந்தால் எளிதிற் பழுதடைவன. ஆனால் அவருடைய விதி எவ்வளவு கொடியதாயிற்று என்பதை மலைகளே காட்டின. 1910இல் 2,115 மீற்றர் உயரமுள்ள தூர்மாலே முதன்முறையாகப் பந்தய வழியிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு வெற்றி பெற்ற ஒக்தாவ் லப்பீசு தாமே சில இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வீரர்கள் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. பின்சில்லின் இருபுறமும் பற்றொகை வேறுபட்ட இரு பற்சில்லுகள் இருக்கும்; மலையடிவாரத்தில் இறங்கிச் சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டவேண்டும்; உச்சியை அடைந்ததும் மீண்டும் அவ்வாறே செய்யவேண்டும். குளிரில் விறைத்த விரல்களால் இதனைச் செய்தவர்களின் பாடு சொல்லுந்தரமன்று.

பழுது பார்த்தலையும் வீரர் தாமே செய்யவேண்டும் என்பது மற்றொரு விதி. இவ்விதியின் முழுப் பொருளையும் 1913இல் யூசேன் கிறித்தோபு அறிந்தார். வெற்றி பெறுவார் எனப் பலரும் எதிர்பார்த்த அவர், தூர்மாலேயிலிருந்து இறங்குகையில் அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. அழுகையை அடக்கமாட்டாதவராய், வண்டியைத் தோளிற் சுமந்து பல கிலோமீற்றர் நடந்து சாந்த்-மாரி-த-கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லுலை இருந்தது. கொல்லர் வழி சொல்லலாம், கருவியைத் தொடலாகாது. பந்தய மேற்பார்வையாளர் விழித்த கண் மூடாது நிற்க, இரும்பைக் காய்ச்சியும் அடித்தும் ஒட்டியும் கிறித்தோபு தம் கையாலேயே கவையைச் சீர்செய்தார். இரு கையும் வேலையிலிருந்தமையால் துருத்தியை ஊதும் பணியை ஒரு சிறுவன் செய்தான். பிறர் உதவி பெற்றார் என்று அதன்பொருட்டு அவருக்கு நேரத்தண்டம் விதிக்கப்பட்டது! சில மணி நேரத்தை ஏலவே இழந்துவிட்ட ஒருவருக்குச் சில நிமிடத் தண்டம் எதற்கென்று அன்றே பலர் வினாவினர். அவ்வூரில் இன்றும் இந்நிகழ்ச்சி ஒரு நினைவுக்கல்லாற் போற்றப்படுகின்றது.

விகித மாற்றிக்கு எதிரான தடை 1937 வரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டிற்றான் தெகிரான்ஸ் நோயுற்றுப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். வெலோசியோ இதனைக் காணவில்லை. 1930இல் வீதியில் மின்றாம் வண்டி மோதி அவர் இறந்தார். ஆயினும் அவர் வழிவந்த சுற்றுலா மிதிப்போர் தடையைப் பொருட்படுத்தாது தம் போக்கிற் சென்றுகொண்டிருந்தனர். சிறிய முன்பற்சில்லுகள், வலிய தடைகள், நெடிய மலைச்செலவுக்குரிய மாற்றிகள் ஆகியவை அவர்கள் பொருட்டே பிரான்சின் சிறு தொழிலகங்களில் உருவாயின. இங்கிலாந்து வேறொரு வழியை நாடி, பற்சில்லுகளைக் குடத்தினுள் மறைத்து வைத்த ஸ்ரேமி-ஆச்சர் மூவிகிதக் குடத்தை 1903 அளவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அது மழைக்கும் மண்ணுக்கும் அஞ்சாதது. ஆனால் விகித வீச்சிற் குறுகியது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடிய றலி வண்டிகளுக்கு அதுவும் மிகையே.

அடுத்த திருப்பம் நிகழ்ந்தது கடலுக்கப்பால், கலிபோர்னியாவிலே. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரீன் என்னும் மாவட்டத்தில் தமல்பாயிசு மலை இருக்கின்றது. உயரம் 784 மீற்றர் மாத்திரமே. 1970களில் அம்மலைப் பகுதியின் இளைஞர் சிலர், சுவின் நிறுவனம் 1930களிலும் 40களிலும் சிறுவர்க்கெனச் செய்த பழைய வண்டிகளைப் பழம்பொருட் கடைகளில் தேடி வாங்கினர். இரண்டங்குலத்துக்கு மேற்பட்ட பருத்த ரயர்களும் உறுதியான சட்டமும் உடைய அவ்வண்டிகளிலே மண்பாதை வழியே இறங்குவது அவர்கள் விளையாட்டு. பெயர்பெற்ற வீதிப் பந்தயக்காரரும் அவர்களிடையே இருந்தனர்.

பெயர்பாக்சு என்னும் ஊரின் அருகே, ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துள் 1,300 அடி தாழும் ஒரு மண்பாதை உண்டு. 1976 ஒக்ரோபர் 21ஆம் நாள் அங்கு முதற் பந்தயம் நடந்தது. பழைய வண்டிகளில் இருந்தது பின்னோக்கி மிதித்தால் இயங்கும் குடத்தடை. ஒருமுறை கீழிறங்கியதும் குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் உருகிப் புகையாய்ப் போய்விடும். மறுமுறை இறங்குமுன் குடத்தைப் பிரித்துப் புதுக் கிறீஸை அடைத்தாக வேண்டும். மீள அடைத்தல் என்று பொருள்படும் 'றீபாக்' என்பதே அப்பாதைக்குப் பெயராயிற்று. வெற்றியாலோ வீரராலோ அன்றி, பராமரிப்பு வேலையொன்றாற் பெயர்பெற்ற பந்தயக் களம் வேறு உண்டோ என்பது ஐயமே. அங்கே கரி பிசர் இறங்கிய 4 நிமிடம் 22 வினாடி என்னும் நேரத்தை எவரும் விஞ்சவில்லை. வெண்டி கிராக் என்னும் பெண்மணி எடுத்த ஒளிப்படங்கள் அந்நாள்களின் கோலத்தைப் பாதுகாத்து வைத்துள்ளன.

இறங்குவது எளிது, மேலே செல்வதெங்ஙனம்? தொடக்கத்தில் வண்டியைத் தள்ளியோ சரக்கு வண்டியில் ஏற்றியோ சென்றனர். பழைய சட்டத்தில் விகித மாற்றியைப் பூட்டினால் மிதித்தே ஏறலாம் என்பதை மரீன் இளைஞர் விரைவிற் கண்டனர். அவர்க்குத் தெற்கே கூப்பட்டினோ ஊரைச் சேர்ந்த ஒரு குழுவினர் 1974 திசெம்பரிலேயே அவ்வாறு பூட்டிய வண்டிகளோடு வந்திருந்தனர். 1977இல் யோ பிறீசு என்பார் பழைய சட்டத்தை நம்பாது, மலைக்கென்றே ஒரு சட்டத்தைப் புதிதாகச் செய்தார். அவ்வண்டி பின்னாளில் வாசிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் தொல்பொருட் சேகரிப்பைச் சேர்ந்தது. 1979இல் தொம் றிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு பிசரும் சாள்சு கெலியும் 'மலைவண்டிகள்' என்னும் பெயராலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர்.

இவ்வண்டிகளிற் பூட்டப்பட்ட உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்பதே கூர்ந்து நோக்கற்பாலது. பந்தய வண்டிக்குரியவை சரிவான மண்பாதைக்கு ஆகா. சிறிய முன்பற்சில்லுகளைத் தாங்கும் ரி.ஏ. மிதிதண்டுகளும், மாஃபாக் தடைகளும், யூரே மாற்றிகளும் பிரான்சிலிருந்து தருவிக்கப்பட்டன. இவையனைத்தும் அந்நாட்டுச் சுற்றுலா மிதிப்போருக்கெனச் செய்யப்பட்டவை. சென்-எத்தியெனின் கணவாயில் நடுவயது வணிகர் ஒருவர் தொடங்கிய முயற்சி, முக்கால் நூற்றாண்டின் பின்னர் கலிபோர்னிய இளைஞர் கையில் இவ்வாறு வந்து சேர்ந்தது. அவர்களுட் பலர் வெலோசியோவின் பெயரைக் கேள்வியுற்றும் இரார்.

பெருந்தொழில் இதன் பின்னரே விழித்துக்கொண்டது. 1981இல் ஸ்பெசலைஸ்ட் நிறுவனம் யப்பானிற் செய்வித்த ஸ்ரம்ப்யம்பர் வண்டி தொகையாக விற்பனைக்கு வந்தது. 1982இல் ஷிமானோ நிறுவனம் மலைக்கென்றே தியோர் எக்ஸ்.ரி. உறுப்புத் தொகுதியை வெளியிட்டது. மற்றொரு யப்பானிய நிறுவனமான சன்டூர், மாற்றியின் கை சாய்வாக இயங்கிப் பற்சில்லுகளை அணுகியே செல்லும் அமைப்பை 1964இற் கண்டிருந்தது. அதன் காப்புரிமை 1984இல் முடிவுற்றதும் ஏனையோர் அதனைத் தழுவினர். அதே காலத்தில், நெம்பை ஒருமுறை சொடுக்கினால் ஒரு பல்லடுக்கு மாறும் முறையை ஷிமானோ கொணர்ந்தது. அதுவரை சங்கிலியின் ஓசையைச் செவியாற் கேட்டே நெம்பை இசைத்துவந்தனர். முன்கவையில் அதிர்வுதாங்கியும் பின்னர் வட்டத்தடையும் சேர்ந்தன. 1996இல் அத்திலாந்தா ஒலிம்பிக் விழாவில் மலைவண்டிப் பந்தயம் இடம்பெற்றது.

விகித மாற்றியின் வரலாறு அண்மையில் ஒரு புதுமையைக் கண்டது. முன்னே மூன்று பற்சில்லுகள் இருந்த நிலை மாறி, 2012க்குப் பின் ஒன்றே போதுமென்றாயிற்று. பின்னேயோ 10 பல்லிலிருந்து 50 பல் வரை பன்னிரண்டு அடுக்குகள். அடுக்குகள் பெருகப் பெருகச் சங்கிலி மெலிந்தது. மெலிந்த சங்கிலிக்குக் கவனிப்பு மிகுதியும் வேண்டும். சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் அரையங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். ஊசிகள் தேய்ந்து அது 12 அங்குலத்தோடு அரைக்காலங்குலம் ஆகிவிட்டால், சங்கிலி பற்சில்லுகளையும் தின்னத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். மண்ணைத் துடையாது எண்ணெயை மட்டும் மேன்மேலும் இடுவோர் மண்ணையும் எண்ணெயையும் குழைத்து அரம் செய்துகொள்கின்றனர். மாற்றி தொங்கும் கொளுவியோ வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தாற் செய்யப்படுகின்றது. பாறையில் மோதும்போது சட்டம் முறியாது கொளுவி வளைந்துகொடுக்கும்; அதனை மாற்றிக்கொள்வது எளிது. மாற்றியே உடைந்துவிடின், மலைப்பழக்கம் உள்ளோர் சங்கிலியைக் கழற்றிக் குறுக்கி, நடுத்தரப் பற்சில்லொன்றில் நிலையாக மாட்டி, ஏற்றம் கண்டவிடத்து இறங்கி நடந்து ஊர் வந்து சேர்வர்.