நிழலில் இருந்து பொருள் - ஸ்கேன் படத்துக்குள்ளே ஒரு ராமச்சந்திரன்

எங்க பக்கத்து ஆளுங்ககிட்ட வரலாறுன்னு பேச்செடுத்தா 1799ல் ஆரம்பிச்சு 1799லயே முடிச்சிடுவாங்க. "சொந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி"ன்னு சொன்ன அடுத்த நொடியே எதிராளி சிவாஜி குரலுக்கு மாறிடுவார். (எங்க டேமேஜர் உட்பட. அவர் ஒரிசாக்காரர், யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.) கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டது, 1974ல் நினைவுக்கோட்டை கட்டினது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால இந்தப் பதிவு அந்த வரலாறு இல்லை. இது 1971ஆம் வருஷத்து வரலாறு. கத்தி, வேல் எதுவும் கிடையாது, கொஞ்சம் கணக்கு மட்டும் உண்டு. கணக்குன்னதும் ஓடிடாதீங்க மக்களே, கூட்டல் கழித்தல்தான்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. 2016ல் நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஒருநாள் விடியக்காலம் தாத்தா எழுந்திருக்கப் பார்த்திருக்கார், முடியலை. வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சும் குழறுது. வண்டி பிடிச்சு, ஓட்டப்பிடாரம் தாண்டி, குறுக்குச்சாலை வந்து, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தாங்க. நான் காலேஜ்ல இருந்து பஸ் பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டூட்டியில் இருந்த டாக்டர் படத்தை விளக்குக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, "தம்பி, ரத்தக்கசிவு இல்ல. அடைப்புதான்"னார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் அதுக்கப்புறம் எல்லா மருந்தும் எழுதினார்.

பக்கவாதத்தில் ரெண்டு வகை. மூளைக்குப் போற ரத்தக்குழாயில் கட்டி அடைச்சுக்கிறது ஒண்ணு, குழாய் வெடிச்சு ரத்தம் கசியறது இன்னொண்ணு. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே கை, அதே கால், அதே குழறல். ஆனா வைத்தியம் நேர் எதிர். அடைப்புன்னா கட்டியைக் கரைக்க மருந்து கொடுக்கணும். கசிவு இருக்கிறவருக்கு அதே மருந்தைக் கொடுத்தா ஆளே போயிடுவார். கரைக்கும் மருந்து வேலை செய்யும்னு 1995ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடத்திக் காட்டினாங்க. அப்போ கெடு 3 மணி நேரம். 2008ல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வுக்கு அப்புறம் அது நாலரை மணி நேரம் ஆச்சு. தூக்கத்திலேயே வந்துட்டா எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாது. தாத்தா விஷயத்தில் அதான் நடந்தது. அந்த ஊசி போடலை, மத்த மருந்துகள்தான். அப்புறம் கம்பு ஊன்றி நடந்தார், பேச்சும் முக்கால்வாசி வந்துச்சு.

அதாவது கரிசக்காட்டில் இருந்து ஒருத்தரை ஏத்திட்டுப் போகும்போது கையில் இருக்கிறது நாலரை மணி நேரம். அதில் பாதி ரோட்டிலேயே போயிடும். மிச்சத்தில் ஸ்கேன் எடுத்து, படம் வந்து, டாக்டர் பார்க்கணும். இப்போ உலகத்தின் முதல் சி.டி. ஸ்கேனைப் பார்ப்போம்.

1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டன் பக்கம் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரி. மூளையில் கட்டி இருக்கலாம்னு சந்தேகப்பட்ட ஒரு பெண்மணியை காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் படுக்க வைக்கிறாங்க. ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் இல்லை, இ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினியர். (பீட்டில்ஸ் ரெக்கார்டு வித்த காசில்தான் ஸ்கேனர் வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. பாதி உண்மை. பிரிட்டன் சுகாதாரத்துறையும் நல்லாவே பணம் போட்டிருக்கு.) அந்த இயந்திரம் ஒரு கோணத்தில் 160 அளவு எடுக்கும், ஒரு டிகிரி திரும்பும், மறுபடி 160. இப்படி 180 கோணம், மொத்தம் 28,800 எண்கள். இதை எடுக்க அஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. ஆனா அந்த எண்களை 80க்கு 80 கட்டம் உள்ள ஒரு படமா மாத்த, பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு ரெண்டரை மணி நேரம் எடுத்துச்சு.

ரெண்டரை மணி நேரம்! நாலரையில் ரெண்டரை போனா மிச்சம் என்னன்னு நீங்களே பார்த்துக்குங்க.

ஏன் அவ்வளவு நேரம்? சாதா எக்ஸ்ரேங்கிறது ஒரு நிழல். முன்னாடி இருக்கிற எலும்பு, பின்னாடி இருக்கிற எலும்பு, நடுவில் இருக்கிற மூளை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே நிழலாயிடும். கதிர் உள்ளே போய் வெளியே வரும்போது மொத்தமா எவ்வளவு தேய்ஞ்சதுன்னுதான் தெரியும், எங்கே எவ்வளவு தேய்ஞ்சதுன்னு தெரியாது. சின்ன வயசுல கட்டக் கணக்கு போட்டிருப்பீங்களே, வரிசைக் கூட்டல், பத்திக் கூட்டல், மூலைவிட்டக் கூட்டலை மட்டும் கொடுத்துட்டு உள்ளே இருக்கிற எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க. அதேதான் இது. 9 கட்டத்துக்குப் பதிலா 6,400 கட்டம். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரம் இதை ஒரு ஊகத்தில் ஆரம்பிச்சு, தப்பைத் திருத்தி, மறுபடி திருத்தின்னு சுத்திச் சுத்திப் போட்டது. அதான் ரெண்டரை மணி நேரம்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் வர்றார். கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன், சுருக்கமா ஜி.என்.ராமச்சந்திரன். 1922ல் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர். அப்பா அங்கே கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். பெயருக்கு முன்னாடி இருக்கிற கோபாலசமுத்திரத்தைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருநெல்வேலியில் இருந்து பத்தமடை போற பக்கம் அந்தப் பெயரில் ஒரு ஊர் இருக்கே!

1942ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தவரை சர் சி.வி.ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். "உங்க துறைக்கு இந்தப் பையன் கொஞ்சம் அதிகப்படியான கெட்டிக்காரன்"ங்கிற அர்த்தத்தில் ராமன் அந்தத் துறைத் தலைவரிடமே சொன்னதா ஒரு கதை உண்டு. இன்ஜினியர்கள் மனசைத் தேத்திக்குங்க :-) 1952ல், 30 வயசு முடியறதுக்கு முன்னாடியே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கூட்டிட்டு வந்தவர் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார், அவரே ஒரு மகப்பேறு மருத்துவர். அங்கே இருந்துதான் நம்ம தோல், தசைநார் எல்லாத்திலும் இருக்கிற கொலாஜன் புரதம் மூணு புரி கயிறு மாதிரி முறுக்கியிருக்குன்னு 1954ல் கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து எழுதினார். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து போட்ட "ராமச்சந்திரன் வரைபடம்" இன்னைக்கும் பயோகெமிஸ்ட்ரி புத்தகங்களில் இருக்கு. இதை எல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது அடுத்து வர்ற சங்கதிதான்.

புரதம் பார்க்கிறவருக்கு ஸ்கேன்ல என்ன வேலை? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு மூலக்கூறைப் பார்த்தாலும் கிடைக்கிறது நிழல்தான். பல கோணத்து நிழல்களைச் சேர்த்து முழு உருவத்தைக் கொண்டு வரலாம்னு 1968ல் கேம்பிரிட்ஜில் டிரோசியரும் க்ளுக்கும் செஞ்சு காட்டியிருந்தாங்க. அவங்க வழி ஃபூரியர் கணிதம், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை. ராமச்சந்திரன் 1971ல் முதல்ல ஒரு இந்திய அறிவியல் இதழில் எழுதினார். தலைப்பையே பாருங்க, தமிழில் சொன்னா "நிழலில் இருந்து பொருளை மீட்டல்". (என் பதிவுத் தலைப்பு அங்கே சுட்டதுதான்.) அடுத்து ஏ.வி.லட்சுமிநாராயணனோட சேர்ந்து அமெரிக்க அறிவியல் அகாதமி இதழில் ஒரு கட்டுரை. அது வந்தது 1971 செப்டம்பர். விம்பிள்டன் ஸ்கேனுக்கு ஒரு மாசம் முன்னாடி! ஹவுன்ஸ்ஃபீல்ட் தன் இயந்திரத்தைப் பத்தி வெளியே வாய் திறந்ததே 1972 ஏப்ரலில்தான்.

அவங்க சொன்ன வழி என்னன்னா.. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பி இழுத்து விடணும். கோலமாவை ஒரு வரியா வெச்சு விரலால் இழுக்கிற மாதிரி. 180 திசையிலும் இப்படி இழுத்தா, பொருள் இருக்கிற இடத்தில் மாவு குவியும். ஆனா சுத்தியும் ஒரு மங்கல் படலம் மிஞ்சும், பனியில் எரியற டியூப்லைட் மாதிரி. இதுவரைக்கும் பழைய சங்கதி. புதுசு என்னன்னா, இழுக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நிழலையும் சாணை பிடிச்சிடணும். ஒரு புள்ளியின் அளவை 0.25ஆல் பெருக்கு. ரெண்டு பக்கத்துப் புள்ளிகளில் இருந்தும் 0.101 மடங்கு கழி. அதுக்கடுத்ததை விட்டுடு. அதுக்கடுத்ததில் 0.011 மடங்கு கழி, அடுத்ததை விட்டுடு, அடுத்தது 0.004. ஒற்றைப்படை தூரத்துக்குக் கழித்தல், இரட்டைப்படைக்குப் பூஜ்யம். முடிவில்லாமல் போற இந்த வரிசையை முழுக்கக் கூட்டிப் பாருங்க, நடுவில் இருக்கிற 0.25 கழிஞ்சு சரியா பூஜ்யம் வரும். அந்தப் பனிமூட்டம் போறதுக்குக் காரணம் இந்தக் கழித்தல்தான்.

அவ்வளவுதான் விஷயம். திரும்பத் திரும்பத் திருத்தற வேலை இல்லை. முழு அளவும் வர்றவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கோணம் எடுத்து முடிச்ச உடனே அதைச் சாணை பிடிச்சு இழுத்து விட்டுட்டு, இயந்திரம் அடுத்த கோணத்துக்குத் திரும்பறதுக்குள்ளே தயாரா இருக்கலாம். பொட்டி தட்டறவங்களுக்கு இதன் அருமை தெரியும். ஆணி கம்மியா இருந்த ஒரு வெள்ளிக்கிழமை 160க்கு 180 எண்களைப் போலியா தயார் பண்ணி, முப்பது வரியில் நானே எழுதி ஓட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் ஒரு நொடி கூட ஆகலை. சாணை பிடிக்கிற வரியை எடுத்துட்டு ஓட்டினா வெறும் பனிமூட்டம்.

மூட்டம் இருந்தா என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்கலாம். ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் பேரிலேயே. தண்ணி 0, காத்து மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 பக்கம், கெட்டி எலும்பு 1000 பக்கம். மூளைத்திசு சுமார் 30, 40. புதுசா கசிஞ்சு உறைஞ்ச ரத்தம் 60, 70. டாக்டர் தேடறது அந்த முப்பது எண் வித்தியாசத்தைத்தான், அதுவும் ஆயிரம் எண் உள்ள மண்டையோட்டுக்கு உள்ளே. எலும்போட வெளிச்சம் லேசா உள்ளே பரவினாலே கசிவு காணாமப் போயிடும். "கசிவு இல்ல"ன்னு ஒருத்தர் தைரியமா சொல்லணும்னா படம் வேகமா வந்தா மட்டும் போதாது, சுத்தமாவும் வரணும். குடல்வால் வீங்கினாலும் இதே கதைதான். வீக்கத்தில் ஊறின தண்ணி சுத்தியிருக்கிற கொழுப்புக்குள்ள இறங்கி, கறுப்பா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற இழைகளாத் தெரியும். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைச்சிருந்தா, ஊசி வழியா விட்ட மருந்து வெள்ளையா ஓடற குழாய்க்குள்ளே கறுப்பா ஒரு ஓட்டை மாதிரி நிக்கும்.

1979ல் மருத்துவ நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மக்குக்கும் போச்சு. கார்மக் தென்னாப்பிரிக்காக்காரர். 1963லயும் 1964லயும் இதன் கணக்கை எழுதி வெளியிட்டு, யாரும் சீந்தாம விட்டவர். ராமச்சந்திரனுக்கும் கொடுத்திருக்கணும்னு நம்ம ஆளுங்க சிலர் கொதிப்பாங்க. சி.டி.க்காகன்னா எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கணக்கின் வேர் 1917ல் ஜோஹன் ராடான் எழுதினது. ராமச்சந்திரன் சொன்ன அதே சாணையை 1967லேயே பிரேஸ்வெல்லும் ரிடிலும் வானொலி வானியலுக்காக எழுதிட்டாங்க. அதை எந்த எக்ஸ்ரே டாக்டர் படிக்கப் போறார்? ராமச்சந்திரன் கட்டுரைத் தலைப்பிலேயே எக்ஸ்ரே படம் இருந்தது, ஸ்கேனர் செய்யறவங்க எடுத்துக்கிட்டாங்க. 1974ல் ஷெப்பும் லோகனும் அதில் புள்ளி இரைச்சல் கூடறதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினாங்க. அடுத்த முப்பது வருஷத்துக்கு மேல சி.டி. படங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்துச்சு. கம்ப்யூட்டர்கள் வேகமானதுக்கு அப்புறம், கடந்த பதினைஞ்சு வருஷமா, ஹவுன்ஸ்ஃபீல்டின் அந்தச் சுத்திச் சுத்தித் திருத்தற முறை புது வடிவத்தில் திரும்பி வந்திருக்கு. கதிர்வீச்சைக் குறைக்கலாம்னுதான். கொலாஜனுக்கும் அந்த வரைபடத்துக்கும் நோபல் கொடுத்திருக்கலாமேன்னு கேட்டா, அது வேற சண்டை, அதில் நான் உங்க கட்சி.

1970ல் சென்னையை விட்டுப் போய், பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை ஆரம்பிச்சு, 2001 ஏப்ரல் 7ல் சென்னையில் இறந்து போனார். மேட்லாப் வெச்சிருக்கிறவங்க "ஐரேடான்" செயலுக்கு உதவிப் பக்கத்தைத் திறந்து பாருங்க. நீங்க எதுவும் சொல்லாட்டா அது தானா எடுத்துக்கிற சாணைக்குப் பேரு "ராம்-லாக்". லாக், லட்சுமிநாராயணன்.

பி.கு: காலில் ரத்தக்கட்டு சந்தேகம்னா முதல்ல பார்க்கிறது சி.டி. இல்லை, டாப்ளர் அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சே கிடையாது. அது ஒலி, கணக்கே வேற. நேரம் கிடைச்சா தனிப் பதிவு.