எந்த ஆண்டின் கொடி?

1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் சண்டை நடந்தது. வடக்குப் படையின் கையிலிருந்த அமெரிக்கக் கொடிக்கு அன்றைய கணக்கில் 34 நட்சத்திரங்கள். மேற்கு வர்ஜீனியாவுக்கான 35ஆவது நட்சத்திரம் ஜூலை 4ஆம் திகதிதான் சேர்ந்தது. சண்டை அதற்கு முதல் நாளே ஓய்ந்துவிட்டது. இதை எனக்குச் சொல்லித்தந்தவன் என் அக்காவின் மகன். கொட்டகலையில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றை நடுவில் நிறுத்தி, திரையைப் பெரிதாக்கி, நட்சத்திரங்களை விரலால் தொட்டுத்தொட்டு எண்ணினான். "பிழையா போட்டிருக்காங்க மாமா. ஒன்னு கூட இருக்கு" என்றான்.

முப்பது ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தவன் நான். அவன் அக்கறை எனக்குப் பிடித்தது. தெற்கத்தியர் கொடியைப் பற்றியும் அவனுக்கு நிறையத் தெரிந்திருந்தது. இன்று படங்களிலும் சட்டைகளிலும் காணும் நீலப் பெருக்கல் குறி போட்ட நீள்சதுரச் சிவப்புக் கொடி தெற்கின் தேசியக் கொடியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1861 மார்ச்சில் அவர்கள் ஏற்றியது சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் மூலையில் நீலக் கட்டத்துக்குள் நட்சத்திர வட்டமும் கொண்ட கொடி. அந்த ஜூலையில் புல் ரன் களத்தில், புகைக்கு நடுவே அதற்கும் வடக்கின் கொடிக்கும் வித்தியாசம் தெரியாமல் இரு தரப்பும் குழம்பிப்போயின. அதன் பிறகுதான் பெருக்கல் குறிச் சண்டைக்கொடி பிறந்தது. வர்ஜீனியாப் படை பிடித்தது சரிசதுரமான கொடி. 1863 மேயில் வெள்ளைத் துணியின் மூலையில் அந்தச் சண்டைக்கொடியை வைத்து இரண்டாவது தேசியக் கொடி செய்தார்கள். காற்றில்லாமல் தொங்கினால் அது சரணடையும் கொடி போலத் தெரிகிறது என்று 1865 மார்ச்சில் ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். அடுத்த மாதமே லீ சரணடைந்தார்.

அந்த யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். எங்கள் கதை அந்த மலைச்சரிவில் தொடர்கிறது. அந்தக் கதையை நம் பிள்ளைகள் படமாக்கும்போது கொடிகளை எண்ணிப்பார்க்க ஆளில்லை என்பதுதான் என் கவலை.

மருமகனும் அவன் சிநேகிதர்களும் மலையகத்தைப் பற்றி ஒரு சிறிய விளையாட்டுச் செய்கிறார்கள். முல்லோயாத் தோட்டத்தில் தொடங்கி, குடியுரிமைச் சட்டத்தைக் கடந்து, அதற்கு எதிரான 1952 சத்தியாக்கிரகத்தில் முடிகிறது. வரைந்த படங்களை எனக்குக் காட்டினார்கள். லயம், பிரட்டுக்களம், ஸ்டோரின் தகரக் கூரை, கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த இடம் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்கள். 1948 என்று போட்ட காட்சியில் மட்டும் கச்சேரிக் கட்டடத்தின் மேல் இன்றைய தேசியக் கொடி பறந்தது. பச்சை, செம்மஞ்சள் பட்டைகள். நான்கு மூலையிலும் அரசிலை.

1948 பெப்ரவரியில் சுதந்திரத்தோடு ஏற்றப்பட்டது கண்டியின் சிங்கக் கொடி. செந்நிறத் துணி, மஞ்சள் கரை, வலது முன்னங்காலில் வாள் ஏந்திய சிங்கம். பட்டைகள் இல்லை. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தக் கொடியை செல்சி மருத்துவமனையில் தேடிக் கண்டுபிடித்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா. சிங்களக் கொடிகளைப் பற்றிய அவருடைய நூல் 1916இல் வந்தது. அந்தக் கொடியின் கீழ் கடைசியாக ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன், 1832இல் வேலூரில் சிறைக்கைதியாக இறந்தவன் என்பதை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லிவந்தேன். சிங்கக் கொடியை ஓர் இனத்துக்கு மட்டும் எழுதிவைப்பவர்கள் அந்த வேலூர்க் கல்லறையையும் நினைக்க வேண்டும்.

சிங்கக் கொடியை தேசியக் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. தமிழர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. மார்ச்சில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் தலைமையில் குழு போட்டார்கள். ஜீ. ஜீ. பொன்னம்பலம், டி. பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் அதில் இருந்தார்கள். தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு பட்டைகளைக் கம்பத்துப் பக்கம் சேர்ப்பதென்று குழு முடிவெடுத்தது. நடேசன் உடன்படவில்லை. 1951 மார்ச் 2ஆம் திகதி டி. எஸ். சேனாநாயக்க முன்மொழிய, பாராளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஒரு மார்ச் 2இல்தான், 1815இல்.

இப்போது அந்த மூன்று ஆண்டுகளைத் தோட்டத்திலிருந்து பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொடியில் செம்மஞ்சள் பட்டை வந்தது. தமிழருக்கென்று ஒரு நிறம் தைக்கப்பட்ட நாளில், மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோர் அந்தக் கொடிக்குரிய பிரஜைகளாக இல்லை.

1948 காட்சியில் அந்தப் பட்டையை வரைந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். முதலில் கொடியில் இடம் தந்து, பிறகு ஏதோ தகராறில் உரிமையைப் பறித்ததுபோல ஒரு கதை பார்ப்பவன் மனதில் பதியும். நடந்தது வேறு. ஆறு அங்குலத் துணிதானே என்று இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா ஹட்டன் பஜாரில் தையல்காரர். வருசா வருசம் ஏப்ரல் கடைசியில் எங்கள் வீட்டில் நடக்க இடமிருக்காது. தோட்டத் தலைவர்மார் சந்தாக் காசில் துணி வாங்கிக்கொண்டு வந்து மே தினக் கொடிகளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். 1972 மே மாதம், இலங்கை குடியரசானபோது, பழைய தேசியக் கொடிகள் சிலவற்றைத் திருத்தும் வேலை அவருக்கு வந்தது. அதுவரை சிங்கத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் இருந்தது ஈட்டிமுனை போன்ற கூரான கலசம். புதிய கொடியில் அந்த இடத்தில் அரசிலை வர வேண்டும்.

அப்பா முதலில் மொட்டைச் சவர அலகால் பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். மஞ்சள் துண்டு கழன்று வந்ததும் செந்நிற சட்டின் துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த இடம் மட்டும் வெயில் படாததால் நிறம் ஆழமாக இருந்தது. கடுதாசியில் இலை வெட்டி அளவு பார்த்தார். வால் நுனி சரியாக மூலையைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் சரிந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்றார். துணியை வைத்துக் குண்டூசி குத்தி, மெஷினில் போடாமல் கையாலேயே தைத்தார். பழைய துளைகள் இலைக்குள் மறையும்படி அவர் செய்த விதம் எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது. மற்றக் கொடிகளுக்கான இலைகளை வெட்ட நானும் கத்தரிக்கோல் பிடித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த நாளில் அப்பா நாடற்றவர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்திருந்தது. அப்பாவின் விண்ணப்பம் எந்தப் பக்கமும் தீர்க்கப்படாமல் கிடந்தது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே, ஒரு சத்தியக் கடதாசியோடு அவர் இந்த நாட்டின் பிரஜையானார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டின் கொடியைத் தன் கையால் தைத்துக் கொடுத்திருந்தார்.

ஆகவே 1972க்கு முந்திய காட்சி எதிலும் அரசிலையைக் கண்டால் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

இந்தியக் கொடிக்கும் இதே கவனம் வேண்டும். மலையக நாடகங்களில் காந்தி வரும் காட்சியில் அசோகச் சக்கரக் கொடியைப் பிடிக்கிறார்கள். 1927 நவம்பரில் காந்தி இலங்கை வந்து தோட்டத் தொழிலாளரிடம் பேசிய காலத்தில் காங்கிரஸ்காரர் கையிலிருந்தது மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு, மூன்றின் மேலும் பெரிய இராட்டை. 1931இல்தான் காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசை வந்தது, இராட்டை வெள்ளைப் பட்டைக்குள் அடங்கியது. 1939 ஜூலையில் நேரு வந்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது இருந்தது இந்தக் கொடி. அசோகச் சக்கரம் 1947 ஜூலை 22இல் வந்தது. இருபது ஆண்டுக்குள் மூன்று கொடிகள். எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இராட்டைக் கொடி ஒன்று மடித்துக் கிடந்தது. அவர் அதைப் பிடித்த காலத்தில் தன்னை இந்தியன் என்று நம்பினார். இராட்டையும் சக்கரமும் இடம் மாறினால், அந்த நம்பிக்கை எந்தக் காலத்துக்குரியது என்பதும் மாறிப்போகும்.

தொழிற்சங்கக் கொடிகளில்தான் குழப்பம் அதிகம். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தபோது, வேலைநிறுத்தத்தின் பின்னால் நின்றது சமசமாஜக் கட்சியின் தலைமையிலான சங்கம். அங்கே செங்கொடி பொருந்தும், சின்னம் எதுவும் போடாமல் வெறும் சிவப்புத் துணியாக வரையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் வரைந்திருந்தது இ.தொ.கா. என்று எழுதிய கொடி. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயர் வந்தது 1950இல். அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் அமைத்தது 1956இல். வெள்ளையனின் தொழிலாளர் தேசிய சங்கம் 1965இல். சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி 1989இல். 1952 ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகக் காட்சியில் இ.தொ.கா. பெயர் வரலாம், மற்ற மூன்றில் எதுவும் வரக் கூடாது. ஒரு சங்கத்தின் போராட்டத்தை இன்னொரு சங்கத்தின் கொடிக்குக் கீழ் வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். கோவிந்தன் உயிர்விட்ட தோட்டத்தில் எந்தக் கொடி நின்றது என்பதை இன்றைய கட்சிக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது.

சரி, பட்டையில்லாத சிங்கக் கொடியை 1948 காட்சியில் வரைவது இன்று ஆபத்தில்லையா என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. 2015 ஏப்ரலில் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் பச்சையும் செம்மஞ்சளும் நீக்கிய கொடிகளைப் பிடித்தார்கள். அது எங்களையும் முஸ்லிம்களையும் வேண்டுமென்றே வெட்டியெடுத்த செயல், கண்டிக்க வேண்டியது. 1948இல் அதே தோற்றத்தில் பறந்த கொடி வரலாறு, காட்ட வேண்டியது. இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியது ஆண்டு ஒன்றுதான். காட்சியின் மூலையில் திகதியைப் பெரிதாகப் போடு, அடுத்த கட்டத்தில் 1951 கொடியையும் அதே கம்பத்தில் காட்டு, பார்ப்பவன் ஒப்பிடட்டும் என்றேன். கம்பத்தை ஒட்டியிருப்பது பச்சை, அதற்கு அடுத்தது செம்மஞ்சள். இதையும் பலர் மாற்றி வரைகிறார்கள்.

படங்களை அவர்கள் திருத்திவிட்டார்கள். இனி வேண்டியது சான்றுகள். மலையகத்தில் பழைய சங்கக் கொடிகளைச் சேர்த்துப் பாதுகாப்பவர்கள் மிகக் குறைவு. மே தினம் முடிந்ததும் அந்தத் துணி அடுப்படியில் கரித்துணியாகிவிடுகிறது. உங்கள் லயத்திலோ, சங்கக் காரியாலயத்து அலுமாரியிலோ, தாத்தாவின் பெட்டியிலோ ஒரு பழைய கொடி கிடந்தால் துவைக்காதீர்கள், கிழிந்த இடத்தைத் தைக்காதீர்கள். விரித்து வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எந்தத் தோட்டம், எந்தச் சங்கம், எந்த ஆண்டு, யார் பிடித்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதோடு சேர்த்து மடித்து வையுங்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.